புயலும் தொற்றும் ஒன்றாக வந்தால் ஊராட்சிக்கு என்ன வேலை?

வாசகர் கேள்வி, 4 செப்டம்பர் 2025

பேரிடர் என்றால் அது கலெக்டர் வேலை. மீட்புக்கு அரக்கோணத்திலிருந்து படை வரும். ஏரி, ஆற்றை நீர்வளத் துறை பார்க்கும். காய்ச்சலைச் சுகாதாரத் துறை பார்க்கும். நடுவில் ஊராட்சியும் பேரூராட்சியும் நின்று எதை ஒருங்கிணைக்கப் போகின்றன? 2020இல் கொரோனாவும் நிவர் புயலும் சேர்ந்தே வந்தன. சமாளித்துவிட்டோமே?

4 செப்டம்பர், இரவு

சமாளித்தோம், அதை மறுக்கவில்லை. 2020 நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டி நிவர் கரை கடந்தபோது மாநிலம் முழுக்க 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் முகாம்களில் இருந்தார்கள். தடுப்பூசி இன்னும் வராத காலம் அது. அவ்வளவு பேரை ஒரே கூரைகளின் கீழ் கொண்டுவந்து, உயிர்ச்சேதம் பெரிதாக இல்லாமல் திருப்பி அனுப்பியது சாதாரண வேலை இல்லை.

ஆனால் யார் சமாளித்தார்கள், எந்த இடத்தில் தடுக்கிற்று என்று பார்க்க வேண்டும். நான் அப்போது கடலூர் மாவட்டக் கடலோரத்தில் ஓர் ஊராட்சியில் செயலராக இருந்தேன். அந்த வருடம் மே மாதத் தொடக்கத்தில் கோயம்பேடு சந்தையிலிருந்து திரும்பிய கூலித் தொழிலாளர்களிடம் தொற்று தெரியவந்து, எங்கள் மாவட்டத்தின் எண்ணிக்கை ஒரேயடியாக ஏறியது. வந்தவர்களைத் தங்கவைக்க எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தைத்தான் எடுத்தார்கள். நல்ல கட்டடம், காம்பவுண்டு உண்டு, கழிப்பறை உண்டு. அதே காரணங்களுக்காகத்தான் அது புயல் முகாம் பட்டியலிலும் பல வருடங்களாக இருந்தது.

நவம்பரில் புயல் எச்சரிக்கை வந்ததும் முகாம் திறக்கச் சொல்லி உத்தரவு. போய்ப் பார்த்தால் பள்ளி பூட்டியிருக்கிறது. தனிமைப்படுத்தும் மையத்தை மூடியபோது பூட்டியவர்கள் வேறு துறை ஆட்கள், சாவியும் அவர்களிடம்தான். தலைமை ஆசிரியரிடம் இருந்த பழைய சாவி பொருந்தவில்லை, பூட்டே மாறியிருந்தது. கேட்டுக் கேட்டுச் சாவி வந்து திறந்தால், இரண்டு வகுப்பறைகளில் இரும்புக் கட்டில்கள் கூரைவரை அடுக்கியிருந்தன. மூன்றாவதில் யாரும் தொடப் பயந்த, மருத்துவக் கழிவு போட்ட மஞ்சள் பைகள். வெளியே காற்று ஏற ஆரம்பித்துவிட்டது.

எந்தத் துறையும் வேலையைச் செய்யாமல் விடவில்லை. சுகாதாரத் துறையின் பட்டியலில் அந்தப் பள்ளி இருந்தது. வருவாய்த் துறையின் பட்டியலிலும் இருந்தது. இரண்டிலும் ஒரே கட்டடம் இருக்கிறது என்று பார்க்கும் வேலை மட்டும் யாருக்கும் ஒதுக்கப்படவில்லை. நீங்கள் கேட்ட “நடுவில் நின்று என்ன” என்பதற்கு என் பதில் அந்த வேலைதான்.

5 செப்டம்பர்

நேற்று எழுதியதோடு சேர்த்துப் படிக்கவும்.

வகுப்பறைக் கணக்கு இன்னொன்று. எங்கள் பள்ளி அறைகள் ஏறக்குறைய இருபதுக்கு இருபது அடி. தானே புயலின்போது (2011 டிசம்பர் 30) அப்படி ஒரு அறையில் நாற்பது பேர்கூடப் படுத்திருக்கிறார்கள், குழந்தைகள் தனி. நிவருக்கு இடைவெளி விட்டுப் படுக்கவைக்கச் சொன்னார்கள். பதினைந்து பேருக்கு மேல் முடியாது. அப்படியானால் அதே ஜனத்துக்கு இரண்டு மடங்குக்கு மேல் அறை வேண்டும். அறை எங்கே? கல்யாண மண்டபமும் கொரோனாவுக்கு எடுத்த பட்டியலில்தான் இருந்தது. கடைசியில் சமுதாயக் கூடம், கூட்டுறவுச் சங்கக் கட்டடம், இரண்டு மாடி வீடு வைத்திருந்த ஒருவரின் மேல் மாடி என்று பிரித்து அனுப்பினோம். எந்த வீட்டுக்கு மாடி இருக்கிறது, யார் வீட்டில் மூச்சுத் தொந்தரவுக்காரர் இருக்கிறார், எந்தத் தெருவில் கர்ப்பிணி இருக்கிறார் என்பதெல்லாம் ஊராட்சியிலும் அங்கன்வாடியிலும்தான் தெரியும். கலெக்டர் அலுவலகத்துக்கு அது தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

5 செப்டம்பர், பிற்பகல்

“நிவர் கரை கடந்தது புதுச்சேரியிலா, மரக்காணத்திலா?” என்று கேட்டவருக்கு: புதுச்சேரிக்கு வடக்கே, மரக்காணத்தை ஒட்டி. இரவு 11.30க்குத் தொடங்கி 2.30 வரை. மணிக்கு 120 முதல் 130 கிலோமீட்டர் காற்று. இந்த மரக்காணம் விவரம் பின்னால் தேவைப்படும், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

7 செப்டம்பர்

சட்டத்தில் என்ன இருக்கிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், 25ஆம் பிரிவு. மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு ஆட்சியர் தலைவர். உள்ளாட்சியின் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதி இணைத் தலைவர். ஆலோசகராகவோ அழைப்பாளராகவோ அல்ல, இணைத் தலைவராக வைத்திருக்கிறது. 41ஆம் பிரிவு உள்ளாட்சிகளின் கடமைகளைச் சொல்கிறது: ஊழியர்களுக்குப் பயிற்சி, சாதனங்களைத் தயார் நிலையில் வைத்தல், நிவாரணம், சீரமைப்பு. ஆகவே ஊராட்சிக்கு என்ன வேலை என்பதைச் சட்டம் இருபது வருடம் முன்பே சொல்லிவிட்டது.

நடைமுறைக்கு வருவோம். தமிழ்நாட்டில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல், அதுவும் ஊரகத்துக்கு மட்டும், அதுவும் 27 மாவட்டங்களில் மட்டும், 2019 டிசம்பர் இறுதியில் நடந்தது. இடையில் என்னென்ன வந்தன என்று பாருங்கள். 2016 டிசம்பரில் வர்தா. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி. 2018 நவம்பர் 16 விடியலில் கஜா. மூன்று புயலுக்கும் மாநிலத்தில் ஒரு வார்டு உறுப்பினர்கூட இல்லை. இணைத் தலைவர் நாற்காலி காலி. கஜாவுக்குப் பிறகு டெல்டாவில் ஊர் ஊராகச் சாலை மறியல் நடந்ததே, அதற்கு நிவாரணத் தாமதம் மட்டும் காரணம் இல்லை என்பது என் எண்ணம். கோபத்தோடு போய்க் கேட்க ஊருக்குள் ஒரு ஆள் இல்லை. கேட்க ஆள் இல்லாதபோது ஜனம் ரோட்டுக்குத்தான் வரும்.

10 செப்டம்பர்

மரக்காணம் என்று சொன்னேன் அல்லவா. விழுப்புரம் மாவட்டம். மாவட்டப் பிரிவினையால் 2019 தேர்தல் நடக்காமல் விடப்பட்ட ஒன்பது மாவட்டங்களில் அதுவும் ஒன்று. அங்கே தேர்தல் நடந்தது 2021 அக்டோபரில். ஆகவே நிவர் நேராக ஏறிய மண்ணில் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவர் கிடையாது, அரசு நியமித்த தனி அலுவலர் மட்டும். பக்கத்திலேயே கடலூரில் தலைவர்கள் இருந்தார்கள். நகரங்களில் யாருமே இல்லை. நகராட்சி, பேரூராட்சித் தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது.

இப்போது நிலைமை தலைகீழ். 2019இல் ஓட்டுப் போட்ட மாவட்டங்களின் ஊராட்சிப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விழுப்புரத்தில் தலைவர்கள் இருக்கிறார்கள், கடலூரில் தனி அலுவலர். ஊராட்சிக்குத் தனி அலுவலர் என்றால் வட்டார வளர்ச்சி அலுவலர் (பி.டி.ஓ.). மாநிலத்தில் ஏறக்குறைய 12,500 ஊராட்சிகள், 388 ஒன்றியங்கள். வகுத்துப் பாருங்கள், ஒரு பி.டி.ஓ.வுக்குச் சராசரியாக முப்பதுக்கும் மேல். அடைமழை இரவில் ஒரே நேரத்தில் முப்பது ஊரிலிருந்து போன் வந்தால் அந்த மனிதர் எதை எடுப்பார்? அவர்களில் பலர் நல்ல உழைப்பாளிகள், நான் அவர்களிடம் வேலை பார்த்தவன். ஆளைக் குறை சொல்லவில்லை, ஏற்பாட்டைச் சொல்கிறேன்.

மழைக்காலம் தொடங்க இன்னும் ஒரு மாதம்தான்.

11 செப்டம்பர்

ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார்: “தலைவர் இருந்த ஊரில் மட்டும் என்ன கிழித்தார்கள்?” நியாயமான கோபம். இதற்குத் தனியாக எழுதுகிறேன், அவசரத்தில் எழுதக்கூடாது.

14 செப்டம்பர்

அதற்கு முன் டேங்க் ஆபரேட்டரைப் பற்றி எழுதியாக வேண்டும். கட்டடத்தை விட ஆள் பிரச்சினைதான் பெரியது என்பது எழுத எழுதத்தான் எனக்கே தெளிவாகிறது.

ஊராட்சியில் மேல்நிலைத் தொட்டி இயக்குபவர் என்று ஒருவர் இருப்பார். மோட்டார் போடுவது, தொட்டி நிரப்புவது, தெருவாரியாகத் தண்ணீர் திறந்துவிடுவது, பிளீச்சிங் பவுடர் கலப்பது. சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. கொரோனா வந்ததும் கிருமிநாசினி தெளிக்க அவர், தகரம் அடித்து அடைத்த தெருவுக்குத் தண்ணீர் கொண்டுபோக அவர். புயல் என்றால் மின்வாரியம் காற்று வரும் முன்னே கரண்ட்டை நிறுத்திவிடும், அதற்குள் எல்லாத் தொட்டியையும் நிரப்பியாக வேண்டும், அதற்கும் அவர். கரண்ட் வரச் சில நாள் ஆகும், ஜெனரேட்டர் வைத்து மோட்டார் ஓட்ட வேண்டும், மறுபடியும் அவர். மரம் விழுந்தால் வெட்ட ஆள் பட்டியலிலும் அவர் பேர் இருக்கும். நான் சொல்வது மிகை இல்லை. ஒவ்வொரு துறையும் “ஊராட்சிப் பணியாளர்” என்று எழுதும்போது அந்த ஒரே ஆளைத்தான் எழுதுகிறது.

நிவருக்கு முந்தின வாரம் எங்கள் ஆபரேட்டருக்குக் காய்ச்சல். பரிசோதனையில் தொற்று. வீட்டுத் தனிமை. ஊரில் எந்த வால்வு எந்தத் தெருவுக்கு, எது எத்தனை சுற்று, எது துருப்பிடித்து இடுக்கியோடு திருப்ப வேண்டியது என்பதெல்லாம் அவர் ஒருவர் தலைக்குள்தான் இருந்தது. அவர் வீட்டுத் திண்ணையிலிருந்து சத்தம் போட்டுச் சொல்ல, அவர் மகன் தெருவில் நின்று கேட்டுக்கொண்டு போய்த் திருப்பினான். பத்தொன்பது வயசுப் பையன். தொட்டி நிரம்பியது. இல்லாவிட்டால் முகாமில் குடிக்கத் தண்ணீர் இருந்திருக்காது, கழிப்பறைக்குச் சொல்லவே வேண்டாம்.

அதற்கப்புறம் மோட்டார் ரூம் சுவரில் வால்வு வரைபடத்தைப் பெயின்ட்டில் எழுதிவைத்தோம். தெருப் பெயர், வால்வு எண், திருப்பும் திசை. பெயின்டருக்குக் கொடுத்த கூலி ஒரு நாள் கூலி. பேரிடர் ஆயத்தம் என்று நான் நம்புவது இந்த மாதிரி வேலைகளை.

14 செப்டம்பர், இரவு

பிளீச்சிங் பவுடர் பற்றி ஒரு வரி சேர்க்கிறேன். ஈரம் பட்டால், மூட்டை திறந்து கிடந்தால், அதன் வீரியம் போய்விடும். மே மாதம் தெருவில் கொட்ட வாங்கிய மூட்டைதான் நவம்பரில் தொட்டிக்கும் என்றால் தண்ணீரில் குளோரின் நிற்காது. கடைசித் தெருக் குழாயில், குளோரின் அளவு காட்டும் குளோரோஸ்கோப் வைத்துப் பார்த்தால் 0.2 பி.பி.எம். (லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்) ஆவது காட்ட வேண்டும். வெள்ளத்துக்குப் பின் வாந்திபேதி வந்தால் அது அடுத்த நெருக்கடி, அதற்கு முகாம் போட மறுபடியும் அந்தப் பள்ளிக்கூடம்தான்.

15 செப்டம்பர்

ஒடிசாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2020 மே மாதம் அம்பன் புயல் வந்தபோது அவர்களுக்கும் இதே சிக்கல். கடலோர மாவட்டங்களில் 809 புயல் காப்பகங்கள், அவற்றில் 242 வெளிமாநிலங்களிலிருந்து திரும்பியவர்களைத் தங்கவைக்க ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தன. புயலுக்கென்றே கட்டிய கட்டடங்களிலேயே கால்வாசிக்கு மேல் இல்லை என்றால் பாருங்கள். ஆனால் அந்த எண்ணிக்கை அவர்கள் கையில் இருந்தது. எது காலி, எது காலி இல்லை என்று தெரிந்திருந்ததால்தான் பள்ளி, கல்லூரி என்று மாற்றிடம் தேட முடிந்தது. அதற்கு ஒரு மாதம் முன்பே, ஊருக்குத் திரும்புபவர்களைப் பதிவு செய்து தனிமைப்படுத்த, அங்கே ஊராட்சித் தலைவர்களுக்கு அவரவர் எல்லைக்குள் ஆட்சியரின் அதிகாரத்தைத் தந்திருந்தார்கள். எங்கள் பக்கம் அப்படி ஒன்று நடந்திருந்தால் அந்தப் பூட்டை உடைக்க நான் யாரிடமும் கேட்டிருக்க மாட்டேன்.

18 செப்டம்பர்

புரெவி புயலை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். நிவர் போய் ஒரு வாரம். டிசம்பர் 2 இரவு திருகோணமலைக்கு வடக்கே இலங்கையைக் கடந்து, மன்னார் வளைகுடாவுக்கு வந்து, பாம்பன் பக்கம் நகராமல் நின்றுவிட்டது. காற்று இல்லை, மழைதான். டிசம்பர் 4 காலைக் கணக்கில் கொள்ளிடத்தில் 36 செ.மீ., சிதம்பரத்தில் 34 செ.மீ. நடராசர் கோயிலுக்குள் தண்ணீர் நின்றது.

நிவரில் பயந்ததுபோல் எங்கள் ஊருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று ஜனம் நினைத்திருந்தது. முகாமிலிருந்து வீட்டுக்குப் போய்த் துணி காயவைத்துக்கொண்டிருந்தார்கள். மறுபடி வா என்றால் வர மாட்டேன் என்கிறார்கள். முகாம் அரிசி தீர்ந்திருந்தது. பணியாளர்கள் மார்ச்சிலிருந்து ஒரு முழு விடுப்பு எடுக்காதவர்கள். தூய்மைக் காவலர் அம்மா ஒருவர் ஊராட்சி அலுவலக வாசற்படியில் உட்கார்ந்து, “என்னால இனி எழுந்திரிக்க முடியாது சார், நாளைக்கு வரேன்” என்றார். தண்ணீர் முழங்காலுக்கு நின்ற நேரம். போகச் சொன்னேன். வேறு என்ன சொல்ல முடியும்?

அடுத்தடுத்து வருவதற்கான திட்டத்தில் முதல் வரியாக ஆள் மாற்று முறை இருக்க வேண்டும். பக்கத்து ஒன்றியத்திலிருந்து, பாதிக்கப்படாத மாவட்டத்திலிருந்து ஆள் வர வேண்டும். பெரிய புயலுக்குச் சென்னைக்குத் தூய்மைப் பணியாளர்கள் மற்ற ஊர்களிலிருந்து வருகிறார்கள். எங்கள் ஊருக்கு யாரும் வரவில்லை.

21 செப்டம்பர்

11ஆம் தேதி கோபப்பட்டவருக்குப் பதில்.

ஊராட்சி கையில் கொடுத்தால் எல்லாம் நேராகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. முந்தைய குறிப்புகளைத் திரும்பப் படித்தால் அப்படி ஒரு தொனி வந்திருக்கிறது, அதனால் இதை அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஊர் என்பது ஒன்று இல்லை. ஊர்த்தெரு, காலனி, மீனவர் குப்பம் என்று பிரிந்துதான் கிடக்கிறது. முகாமுக்குள் யார் முதலில் வந்து எந்த அறையைப் பிடிக்கிறார்கள், காலனி ஜனத்துக்குக் கழிப்பறை இல்லாத கட்டடத்தைத் “தனியாக” ஒதுக்குவது யார் யோசனை என்பதெல்லாம் எனக்குத் தெரியும். கொரோனா வந்தபோது “இடைவெளி” என்பது சிலருக்கு வசதியான சாக்காகவும் ஆனது. அதை நான் கண்ணால் பார்த்தேன், அதிகாரியிடம் சொன்னேன், ஒரு முகாமில் மாற்றிக்கொடுத்தார்கள்.

ஆகவே பட்டியல் ஊராட்சியில் இருந்தால் போதாது, ஊர் கேட்கும்படி வாசிக்கப்பட வேண்டும். கிராம சபை அதற்குத்தான். அக்டோபர் 2 கிராம சபை வடகிழக்குப் பருவமழைக்குச் சரியாக முன்னால் வருகிறது, இதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது. எந்தத் தெரு எந்தக் கட்டடத்துக்கு, சாவி யாரிடம், வண்டி யாருடையது, முதியவர்களைத் தூக்கிவரப் பொறுப்பு யார் என்று சத்தமாக வாசித்தால், காலனிக்கு என்ன ஒதுக்கினார்கள் என்று காலனியும் கேட்கும். நாலு பேர் எழுந்து கேட்பார்கள். கேட்கட்டும்.

2020இல் அந்த அக்டோபர் 2 கிராம சபை கொரோனாவைக் காரணம் காட்டி முந்தின நாள் ரத்து செய்யப்பட்டது. எட்டு வாரத்தில் நிவர்.

22 செப்டம்பர்

“கேரளாவைப் பார்” என்று மூன்று பேர். பார்த்திருக்கிறேன். அங்கே கொரோனா முதல்நிலைச் சிகிச்சை மையங்களை நடத்தியதில் ஊராட்சிகளுக்குப் பெரிய பங்கு, வார்டுக்கு வார்டு விரைவுக் குழு. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் நிலச்சரிவு, இறந்தவர்களில் பெரும்பாலோர் நம் கயத்தாறு பக்கத்திலிருந்து போன தேயிலைத் தொழிலாளர் குடும்பங்கள். மறுநாள் இரவு கோழிக்கோடு கரிப்பூரில் விமான விபத்து. மழை, தொற்று, நிலச்சரிவு, விபத்து எல்லாம் ஒரே வாரத்தில். கரிப்பூரில் முதலில் ஓடி வந்து ஆட்களை இழுத்தவர்கள் அக்கம்பக்கத்து மக்கள், கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் இருந்தவர்கள். அதற்கப்புறம் அவர்களே தனிமைக்குப் போனார்கள்.

எனக்கு அதில் உறைத்தது: காப்பாற்ற வந்தவர்கள் எல்லாம் ஒரே நாளில் பதினாலு நாளைக்கு வீட்டுக்குள். அடுத்த நாள் இன்னொன்று வந்தால்? எங்கள் ஊரில் படகு ஓட்டத் தெரிந்தவர்கள், மரம் அறுக்கும் மெஷின் வைத்திருப்பவர்கள், நீச்சல் தெரிந்தவர்கள் என்று முதல்நிலை மீட்பாளர் பெயர்ப் பட்டியல் உண்டு. இரண்டாவது வரிசை என்று ஒன்று இல்லை. எழுத வேண்டும்.

28 செப்டம்பர்

தென்பெண்ணைக் கரைக்காரர் ஒருவர், “கொரோனா கதை முடிந்துவிட்டது, போன வருஷத்தைப் பேசுங்கள்” என்கிறார். சரி.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. கடந்ததும் நகராமல் நின்று கொட்டியது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு. அது உள்ளே போய் ஊத்தங்கரையில் 50 செ.மீ. திருவண்ணாமலையில் மலைச்சரிவில் ஒரே வீட்டில் ஏழு பேர் மண்ணுக்குள். மீட்புப் படைகள் அங்கேயும் போக வேண்டும், விழுப்புரத்துக்கும் வர வேண்டும். விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் பாலத்தில் வெள்ளம் ஏறி ரயில்கள் நின்றன. இதற்கு நடுவே டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்குச் சுமார் 1.70 லட்சம் கன அடி. புயல் வெள்ளத்தில் நின்றுகொண்டிருந்த விழுப்புரத்துக்கும் கடலூருக்கும் மேலிருந்து இன்னொரு வெள்ளம்.

முன்னறிவிப்பு இல்லாமல் திறந்தார்கள் என்று எதிர்க்கட்சிகள். எச்சரிக்கை கொடுத்துத்தான் திறந்தோம் என்று அரசு. இரண்டு தரப்பையும் தள்ளிவைத்துவிட்டு, கடைசிக் கண்ணியைப் பாருங்கள். எச்சரிக்கை அணையில் கிளம்பி, மாவட்டம், தாலுகா, வி.ஏ.ஓ. என்று இறங்கி, வாட்ஸ்அப்பில் “1 லட்சம் கன அடிக்கு மேல் திறக்கப்படும், கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும்” என்று வருகிறது. கரையில் இருக்கும் பெண்மணிக்கு அது என்ன சொல்கிறது? தன் தெருவுக்குத் தண்ணீர் வருமா, எத்தனை மணிக்கு வரும் என்று சொல்கிறதா? கரண்ட் போய், டவர் போய், போன் செத்த இரவில் அந்த மெசேஜ் வந்ததா என்பதே வேறு கேள்வி.

ஊராட்சி செய்யக்கூடியது இங்கே உண்டு. ஊர்ப் பாலத்தின் தூணில் பழைய வெள்ளங்களின் அளவை வருடத்தோடு வரைந்து வைக்கலாம். 2015இல் எது வரை, 2021இல் எது வரை, போன டிசம்பரில் எது வரை. “இந்தக் கோட்டுக்கு வந்தால் கீழத்தெரு காலி, அடுத்த கோட்டுக்கு வந்தால் பள்ளிக்கூடமும் பாதுகாப்பு இல்லை” என்று முன்பே பேசி வைத்திருந்தால், கன அடி புரிய வேண்டியதில்லை. மைக் செட் கட்டிய ஆட்டோவும், அதற்குக் கரண்ட் இல்லாமல் ஓடும் பேட்டரியும், கோயில் மணியும் போதும்.

30 செப்டம்பர்

நகரத்துக்காரர்களுக்குச் சுருக்கமாக. 2025இல் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தைத் திருத்தி, மாநகராட்சி உள்ள நகரங்களுக்குத் தனியாக நகர்ப்புறப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அமைக்க வழி செய்திருக்கிறார்கள், மாநகராட்சி ஆணையர் தலைமையில். நல்லது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெயும் சேர்ந்து பரவியபோது, குப்பத்து மீனவர்கள் வாளியாலும் குவளையாலும் எண்ணெயை அள்ளினார்கள். வெள்ளம் ஒரு துறை, எண்ணெய் இன்னொரு துறை, படகு வேறொரு துறை. ஒரே வீட்டு வாசலில் மூன்றும் நின்றன. புது ஆணையம் அந்த வாசலிலிருந்து தொடங்கினால் பிரயோசனம். கிராமத்துக்கு அப்படி ஒன்று சட்டத்தில் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

12 அக்டோபர்

அக்டோபர் 2இலிருந்து 11க்குத் தள்ளிவைத்த கிராம சபைக்கு நேற்றுப் போனேன், ஓய்வு பெற்றவனாக, ஊர்க்காரனாக. தனி அலுவலர் சார்பில் ஒருவர் வந்திருந்தார். மழைக்காலப் பட்டியலை வாசிக்கச் சொல்லிக் கேட்டோம். முகாம் கட்டடம் என்று பள்ளியைச் சொன்னார். சாவி யாரிடம் என்று கேட்டது நான் இல்லை, மகளிர் குழுப் பெண் ஒருவர். கூட்டத்தில் சிரித்தார்கள், ஆனால் பதில் எழுதப்பட்டது: இரண்டு சாவி, ஒன்று தலைமை ஆசிரியரிடம், ஒன்று ஊராட்சி அலுவலகத்தில். காலனிக்கு ஒதுக்கிய கட்டடத்தில் கழிப்பறைக் கதவு இல்லை என்பதும் தீர்மானப் புத்தகத்தில் ஏறியது. ஜெனரேட்டருக்கு டீசல் காசு எந்தக் கணக்கில் என்ற கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை.

15 அக்டோபர்

டீசல் விஷயம் சின்னது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சின்னது இல்லை. தலைவர் இருந்த காலத்தில் ஊராட்சிக் காசோலைக்குத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். 2020இல் ஒருவர் தனிமையில் இருந்தால் காசு நின்றது. அப்போது டீசலை ஊர்ப் பெட்டிக்கடைக்காரர் கைக்காசு போட்டு வாங்கித் தந்தார், அவருக்குத் திரும்பக் கிடைக்கப் பொங்கல் தாண்டியது. இப்போது எல்லாம் பி.டி.ஓ. கையில். அவர் ஊர் எட்ட முடியாத வெள்ளத்தில் இருந்தால்? எச்சரிக்கை வந்த அன்றே ஊராட்சிக்கு ஒரு சிறு தொகையைக் கையில் கொடுத்து, பிறகு பில் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு வேண்டும். மனுவாக எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

பட்டியல் மாதிரி கேட்டவர்களுக்கு: ஒரே தாள் போதும். இடது பக்கம் கட்டடமும் ஆளும் வண்டியும், ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்தெந்தத் துறை அதைத் தன் பட்டியலில் வைத்திருக்கிறது என்று எழுதுங்கள். இரண்டு துறை வந்த இடத்தில் சிவப்புக் கோடு. அந்தச் சிவப்புக் கோடுகளுக்கு மட்டும் மாற்றிடமும் மாற்று ஆளும் தேடுங்கள். தென்பெண்ணைக்காரர் தன் ஊர்ப் பாலத்து அளவுகளை அனுப்புவதாகச் சொன்னார். வந்ததும் அடுத்த குறிப்பில் போடுகிறேன், கீழ்க்கரை ஊர்க்காரர்கள் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.